நவீன் கேட்ட கேள்விகள்

செய்தி வந்தபோது பீளமேட்டில் அலுவலகக் கேன்டீனில் தயிர்ச்சாத டப்பாவைத் திறந்திருந்தேன். எங்களோடு டிப்ளமோ படித்த ரமேஷ் போனில், “டிவி பார்த்தியா?” என்று மட்டும் கேட்டான். எல்லைச் சண்டையில் இறந்தவர்களின் படங்கள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. மீசை வைத்திருந்ததால் நவீனை உடனே அடையாளம் தெரியவில்லை. பெயரைப் படித்த பிறகு டப்பாவை மூடிவிட்டேன்.

அவனோடு படித்தவர்கள் காலேஜ் மின்சார மணியை மறந்திருக்க மாட்டார்கள். ஒருநாள் முழுக்க அது அடிக்கவே இல்லை. நவீன் அதைக் கழற்றிப் பெஞ்சின் மேல் பரப்பி வைத்திருந்தான். “ரிப்பேருன்னு கழட்டினியா?” என்று பிரின்சிபால் கேட்டார்.

“இல்லீங்க சார். நல்லாத்தான் அடிச்சுட்டிருந்துச்சு. எப்படி அடிக்குதுன்னு பாத்தேனுங்க.”

திட்ட வந்தவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கொடுமுடிக்காரன். அப்பா கரும்பு லாரி ஓட்டுகிறார், அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறார். மோட்டார் பம்பு கம்பெனியில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு அவன் ராணுவத்துக்குக் கிளம்பியபோது எங்களுக்குக் கோபம்தான் வந்தது. ஏன் என்று கேட்டேன். கூடப் படித்தவளான என்னிடமும் அவன் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவான்.

“பம்பு எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுபோச்சுங்க. பனி எப்படி இருக்கும்னு இன்னும் தெரியலையே.”

பாதி விளையாட்டு. மீதி என்ன என்று அவன் சொல்லவில்லை.

கடைசியாக லீவில் வந்தபோது காந்திபுரத்தில் டீ குடித்தோம். மலைமேல் காவல் இடங்களுக்கிடையே டெலிபோன் கேபிள் இழுப்பது அவன் வேலை. யாரையாவது சுட்டிருக்கிறாயா என்று கேட்க நினைத்து, துணியாமல் குளிரைப் பற்றிக் கேட்டேன். அவனாகவே சொன்னான்.

“எதுத்தாப்பல மலைல அவங்க ஆளு ஒருத்தன் சாயங்காலமானா துணி காயப்போடுவானுங்க. பைனாகுலர்ல தெரியும். அவன் பேரு என்னவா இருக்கும்னு யோசிப்பேன்.”

“தெரிஞ்சு என்ன பண்ணுவ?”

“ஒண்ணும் பண்ண மாட்டேனுங்க. சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்.”

அப்போது எனக்கு அது விநோதமாகப் பட்டது. இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். எதிரியின் பெயரைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவன் எப்படித் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தான்? அதை அவனிடம் கேட்டிருக்கலாம்.

கொடுமுடியில் காவிரிக் கரையில் எரியூட்டினார்கள். கொடி போர்த்தினார்கள், துப்பாக்கிகள் வானத்தைப் பார்த்து வெடித்தன. கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் சிலர் அவன் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். உடலோடு வந்த பாலக்காட்டு வீரர் ஒருவரும் இருந்தார். நவீனோடு ஒரே இடத்தில் காவலிருந்தவர். எல்லோரும் அவன் வீரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அவன் அம்மா அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க தம்பி, அவன் எதுக்கு வெளிய போனான்?”

“குண்டு விழுந்து கேபிள் அறுந்துபோச்சும்மா. ஒட்டப் போனான். ஒட்டிட்டான். திரும்பி வர்றப்போ பக்கத்துல இன்னொண்ணு விழுந்துச்சு.”

“அவனுக்கு வலிச்சுதுங்களா?”

யாரோ இருமினார்கள். இல்லை என்று சொல்லிவிடட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அந்த வீரர் அம்மாவை நேராகப் பார்த்தார்.

“வலிச்சுதும்மா. ரொம்ப நேரமில்லை. நான் உடனே அவன்கிட்ட ஓடினேன். கடைசி வரைக்கும் கையைப் பிடிச்சிருந்தேன்.”

“எந்தக் கைங்க?”

அவர் வலது கையை நீட்டினார். அம்மா அதைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அழவில்லை. “சாப்பிட்டுப் போட்டுத்தான் போகோணும்” என்று எழுந்து உள்ளே போனார்.

எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அந்தக் குணம் நவீனுக்கு எங்கிருந்து வந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவனுடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. பதில் வலிக்கும் என்று தெரிந்தும் கேட்டுவிடுகிற அந்தப் பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். இன்னும் சரியாகக் கைவரவில்லை.