ஆனேக்கல் பாறை இறங்கிய எட்டு மாதம்

லிங்கராஜபுரம் கிளெமென்ட்டுக்கு நாற்பத்தெட்டு வயது. கட்டடங்கள் அசைகின்றனவா என்று செயற்கைக்கோள் சிக்னலை வைத்து அளந்து சொல்லும் சிறிய கம்பெனியொன்றில் பதினாறு வருடமாக வேலை.

எந்தச் செயற்கைக்கோளிலிருந்தும் சிக்னல் கிளம்பும்போது, அதன் கருவிக்குள்ளேயே துளி தாமதம் ஆகும். அதைக் கழித்தால்தான் ஓர் இடத்தின் உயரம் மில்லிமீட்டர் சுத்தமாகக் கிடைக்கும். கழிக்க வேண்டிய எண்கள் தினமும் வெளியாகும். ஆனால் மாதக்கணக்கில் பெரிதாக மாறுவதில்லை. ஒரு வருடத்துச் சராசரியை எடுத்து நிரந்தரமாகப் போட்டுவிடலாம் என்று சொன்னவர் கிளெமென்ட்தான். வேலை பாதியாகக் குறைந்தது. மேனேஜர் ரோஹன் கைகுலுக்கினார்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய மூன்று மாடிக் குடியிருப்பு. பக்கத்து மனையில் ஆழமாக அஸ்திவாரம் தோண்டியதால், அதன் மொட்டைமாடியில் சிக்னலை வாங்கும் ரிசீவர் ஒன்றைக் கம்பெனி வைத்தது. எட்டு மாதத்தில் கட்டடம் பத்தொன்பது மில்லிமீட்டர் இறங்கியதாகக் காட்டியது. கிளெமென்ட் இரண்டு முறை சரிபார்த்தார். இரண்டு முறையும் அதே பழைய சராசரியை வைத்துத்தான். அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். மார்ச்சில் பதினான்கு குடும்பங்கள் காலி செய்தன. மழைக்கு முன்னால் இடித்தும் முடித்தார்கள்.

"பதினாலு ஃபேமிலிய காப்பாத்தியிருக்கோம் கிளெமென்ட்" என்றார் ரோஹன். கிளெமென்ட்டுக்கும் அப்படித்தான் இருந்தது.

அடுத்த ஜனவரியில், ஆனேக்கல் பக்கம் வெறும் பாறைமேல் நட்டிருந்த இன்னொரு ரிசீவரின் பதிவுகளை வேறு வேலைக்காக எடுத்தார். அதே எட்டு மாதத்தில் பாறையும் பதினெட்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

பாறை இறங்க வழியில்லை. அந்தந்த நாளுக்கு வெளியான எண்களைத் தேடி எடுத்தார். சில செயற்கைக்கோள்களின் எண்கள் அந்த மாதங்களில் மெல்ல நகர்ந்திருந்தன. அவற்றைப் போட்டு மறுபடி ஓட்டினார். பாறை இருந்த இடத்திலேயே இருந்தது. இடித்துவிட்ட கட்டடமும் அப்படியே நின்றிருந்தது.

"எப்படியும் அது ஓல்ட் பில்டிங். விடுங்க" என்றார் ரோஹன். நடந்த தவறைக் கிளெமென்ட் எழுத்தில் கொடுத்தார். இனித் தினசரி எண்களையே போட வேண்டும் என்று ஓர் உத்தரவு வந்தது. அவ்வளவுதான்.

குடியிருந்தவர்களில் ஒரே ஒரு குடும்பத்தின் விலாசம்தான் கிடைத்தது, அதுவும் ஆனேக்கலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனேக்கலுக்கு பஸ் ஏறினார். வீணா கதவைத் திறந்தார். உள்ளே கட்டிலில் அவர் கணவர் பச்சைமுத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். பிறவியிலேயே பார்வையில்லாதவர், சிவாஜிநகரில் ஊதுபத்தி விற்றவர்.

கிளெமென்ட் சுற்றி வளைக்கவில்லை. "கட்டடம் எறங்கலைம்மா. நாங்க போட்ட நம்பர் பழசு. தப்பு என்னோடது."

பச்சைமுத்து ரேடியோவை அணைத்தார். "அப்ப நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"முப்பது வருஷமா ஏறி எறங்குறேன், ஒரு படிகூட மாறலையேன்னு இவகிட்ட அப்பவே சொன்னேன் சார். மிஷின்ல வந்திருக்கு, உனக்கென்ன தெரியும்னா."

வீணா தலைகுனிந்தார். "படிச்சவங்க சொல்றப்ப நான் என்ன பண்றது? அங்க பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தனியாப் போவாரு சார். இங்க வந்த புதுசுல மோரி சாக்கடையில விழுந்துட்டாரு. அதோட வாசல் தாண்டல. பதினோரு மாசம் ஆச்சு."

கிளெமென்ட் பச்சைமுத்து பக்கம் திரும்பினார். "வாராவாரம் நான் வந்து கூட நடக்கட்டுமா? ரோடு பழகுற வரைக்கும்."

"வேணாம் சார். கோவம்னு இல்ல. உங்க கையப் புடிச்சு நடக்க மனசு வரல."

வீணா கொடுத்த டீயைச் சூட்டோடு குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த மாதம் மனசு கேட்காமல் மறுபடி போனார். வீடு பூட்டியிருந்தது. ஓசூரில் வீணாவின் தங்கை வீட்டோடு இருக்கப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஓசூரில் எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை.