இருபதுக்கு இருபது

எல்லாம் முடிந்த பிறகு மட்டும் தெளிகிற பார்வையால் யாருக்கு என்ன லாபம்? அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு சிற்றூர்; அங்கே கண் பரிசோதகர் லாயிட் கூசெரா, காலைக் காப்பியில் கொலாச்சி ரொட்டியை நனைத்தபடி அன்றும் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தச் சோளக் கிடங்கு சரியும்னு எனக்கு அப்பவே தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, டாக்டரே," என்றாள் காப்பிக்கடை டார்லீன்.

"யாரு கேட்டீங்க?"

ஆலங்கட்டி மழை, அடுத்த தெரு விவாகரத்து, பள்ளிக் கால்பந்து அணியின் தோல்வி, எதுவானாலும் அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். "திரும்பிப் பாத்தா எல்லாருக்கும் இருபதுக்கு இருபதுதான்" என்று ஊர் அவரைக் குத்தும். அந்தச் சொல்லே அவர் தொழில் பெற்ற பிள்ளை. நல்ல கண் இருபதடியில் படிப்பதை நீங்களும் இருபதடியில் படித்தால் இருபதுக்கு இருபது. இது கண் வைத்தியர்களின் கணக்கு. அதை முதுகுப்பக்கம் திருப்பியது சனங்களின் குறும்பு.

கூசெராவின் அறை பத்தடிதான். அதை இருபதடியாக்க, எழுத்துப் பலகையை நாற்காலிக்குப் பின்னால் மாட்டி, எதிரே ஒரு நிலைக்கண்ணாடி வைத்திருந்தார். அவரிடம் போனவர்கள் தம் முதுகுக்குப் பின்னால் இருப்பதைத்தான் படித்தார்கள். தொழில் தொடங்கிய நாள் முதல் அதே பலகை. ஊருக்கே மனப்பாடம். அதுவும் அவருக்குத் தெரியும், சொன்னதில்லை.

டார்லீனின் கணவன் ரே, பள்ளிப் பேருந்து ஓட்டுபவன். உரிமம் புதுப்பிக்கக் கண் பார்த்துக் கூசெரா கையெழுத்துப் போடவேண்டும்; அந்த நாள் வந்தது. அவன் இப்போதெல்லாம் காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றுவது அவளுக்குத் தெரியும். அந்த வேலை போனால் கடை மட்டும் குடும்பத்தைத் தாங்காது என்பதும் தெரியும். வாயை மூடிக்கொண்டு கூடப் போனாள்.

ரே நாற்காலியில் சாய்ந்து, கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தான்.

"இன்னொரு தடவை, ரே. மெதுவா."

கூசெரா பின்னால் போய்ப் பலகையை ஆணியிலிருந்து ஓசையில்லாமல் கழற்றினார். கண்ணாடியில் வெறும் சுவர். ரே அதை மெதுவாக, ஓர் எழுத்துப் பிசகாமல் படித்து முடித்தான்.

"எப்படி டாக்டரே, நம்ம கழுகுக் கண்ணு?" என்றான்.

வழக்கப்படி கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, பேருந்து பள்ளத்தில் கிடக்கும் அன்று அவர் ரொட்டி நனைத்துப் பேசலாம். ஊர் அவரிடம் எதிர்பார்த்தது அவ்வளவுதான். டார்லீனும் மனதுக்குள் அதையே வேண்டிக்கொண்டு நின்றாள்.

அன்று மட்டும் ஏன் என்று அவள் பின்னர் எத்தனையோ முறை கேட்டாள், அவர் சொன்னதில்லை. பலகையை அக்குளில் இடுக்கியபடி ரேயின் எதிரே வந்து நின்று, பேருந்துச் சாவிக்காக உள்ளங்கையை நீட்டினார்.