நிமிர்ந்திருந்த தீச்சட்டி

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நானே பேய்ப் படம் பார்த்துச் சிரிக்கிற ஆள். ஆனால் இது எனக்கு நடந்தது. போன வருடம், எஸ்டேட் மாரியம்மன் திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம். ஆரம்பித்து வைத்த புண்ணியவானும் நான்தான். என் தங்கச்சி நளினி ஏந்தவேண்டிய தீச்சட்டியை ஹெல்மெட் மாதிரி தலையில் கவிழ்த்துக்கொண்டு, கோயில் வாசலில் செல்ஃபி எடுத்தேன். பல்லைக் காட்டினேன். சட்டி வழுக்கியது.

டப்.

சாதாரணச் சட்டி என்றால் பரவாயில்லை. நளினியின் மகன் டிங்கிக் காய்ச்சலில் ஐசியூவில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்து எழுந்தால் தீச்சட்டி ஏந்துவதாக அவள் வேண்டிக்கொண்டாள். பிள்ளை எழுந்துவிட்டான், இப்போது என் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறான். அவள்தான் இன்னும் எழவில்லை. கையில் காப்புக் கட்டி, விரதம் இருந்து, பல்லி கத்தினால்கூட மகனின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். சட்டி உடைந்தது தெரிந்தால் அவ்வளவுதான், அம்மன் பிள்ளையைத் திருப்பிக் கேட்கிறாள் என்றே முடிவு கட்டிவிடுவாள்.

பூசாரி சாமிக்கண்ணு மாமா மஞ்சள் பூசி, பூசை போட்டு, "பத்திரமா அவ கையில குடு, தனேசு" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். விடிந்தால் ஊர்வலம். மலாக்கா டவுனில் பூசைச் சாமான் கடைகளை அடைத்திருப்பார்கள். எஸ்டேட்டிலோ தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து ரொம்ப நாளாயிற்று; சுற்றிலும் செம்பனைத் தோட்டம், நடுவில் கோயில். சட்டிக்கு நான் எங்கே போவேன்?

கோயிலுக்குப் பின்னால், வேப்ப மரத்தடியில் பழைய தீச்சட்டிகள் கிடக்கும். ஏந்தி முடித்ததை அங்கே கவிழ்த்து வைப்பது எங்கள் வழக்கம். எல்லாம் கரியும் பாசியுமாகக் குப்புறக் கிடந்தன.

ஒன்றைத் தவிர.

அது நிமிர்ந்து இருந்தது. துளி கரியில்லை. மதியம் முழுக்க மழை கொட்டியிருந்தது, ஆனால் சட்டிக்குள் தண்ணீர் இல்லை. பூசிய மஞ்சள் என் விரலில் ஒட்டியது.

மூளை உள்ளவன் அங்கேயே யோசித்திருப்பான். நான், "தாயே, ஸ்பேர் வச்சிருக்கியே!" என்று கும்பிடு போட்டுவிட்டு எடுத்துக்கொண்டேன். தூரத்துப் பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு கேட்டது. மணி ஏழு இருபது.

சட்டியைக் காரின் முன் சீட்டில் வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. என் கைதான் சில்லிட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

செம்பனைக்கு நடுவே மண் பாதை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

டிங்... டிங்... டிங்...

முன் சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி. அரிசி மூட்டையை வைத்தால் அடிக்கும். இந்தச் சட்டி ஒரு கிலோகூட இருக்காது.

பயந்தால் எனக்கு ஜோக் வரும். அது ஒரு வியாதி.

"அக்கா, போலீஸ் பிடிச்சா சம்மன் எனக்குத்தான் லா. பெல்ட்டைப் போட்டுக்குங்க."

டிங்... டிங்...

க்ளிக்.

மணி நின்றது.

என் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன.

வேப்பிலை வாசம்...

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள். மெதுவாக... நிம்மதியாக.

நான் திரும்பவில்லை.

கிளேபாங்கில் நளினி வீட்டு விளக்கைப் பார்த்த பிறகுதான் கழுத்து அசைந்தது. பெல்ட் மாட்டியிருந்தது. பட்டை சீட்டைத் தொடவில்லை. ஓர் ஆளின் மார்பைச் சுற்றினாற்போல் முன்னால் உப்பி நின்றது. நான் பார்க்கப் பார்க்க, தளர்ந்து விழுந்தது.

நளினி வந்து சட்டியை எடுத்தாள். "என்னண்ணே, சுடுது?"

"ஏர்கான் சரியில்ல."

"ஏர்கான் சரியில்லன்னா சட்டி சுடுமா? லூசா நீ?"

மறுநாள் காலை, ஜங்ஷனில் ஊர்வலம் கிளம்பும் இடம். கற்பூரம் ஏற்ற வந்த சாமிக்கண்ணு மாமா சட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கை நின்றது.

"மாமா, இந்தச் சட்டி..."

"பேசாம நட."

கூட்டத்தில் ஒல்லியான ஒருவர் சட்டியைக் கண்டதும் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். யார் அவர் என்று பக்கத்தில் நின்ற அத்தையைக் கேட்டேன். "சாமி நேரத்துல என்ன கேள்வி?" என்று தள்ளிப் போய்விட்டார்.

தண்ணீர் வாளியோடு நளினி பக்கத்திலேயே நடந்தேன். அவள் கால் ஒரு தடவை இடறியது. என் உயிர் வாளிக்குள் விழுந்தது. அவள் விழவில்லை. நெருப்பு அணையாமல் கோயிலுக்குள் போய்ச் சேர்ந்தாள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்தாள்.

"கொஞ்சங்கூடச் சுடலண்ணே. கீழ ரெண்டு கையால தாங்கிக்கிட்டே வந்தியே, நீதானே?"

என் இரண்டு கையிலும் வாளி இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

மாமா நெருப்பைக் கொட்டிவிட்டு, சட்டியை வேப்ப மரத்தடிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தார். அங்கே அவரைப் பிடித்தேன். உடைத்ததையும் எடுத்ததையும் சொன்னேன். காரில் நடந்ததைச் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"உண்மையச் சொல்லுங்க மாமா. இது யாரு சட்டி?"



"ரோட்டுல உக்காந்து அழுதானே வடிவேலு, அவன் பொண்டாட்டி மலர்க்கொடி. மகளுக்காக நேர்ந்துகிட்டவ. மூணு வருசத்துக்கு முந்தி, இதே மாதிரி மொத நாளு எங்கிட்ட சட்டிய வாங்கி, மடியில வச்சுக்கிட்டு கார்ல போனா. ஜங்ஷன்ல லோரி மோதிருச்சு. வடிவேலுக்குச் சின்னக் காயம். சட்டிக்கு ஒரு கீறல் இல்ல. நேர்த்தி முடியாத சட்டியக் கவுக்கக் கூடாது. அதான் நிமித்தி வச்சிருந்தேன்."

"அவங்க?"

மாமா கையில் ஒட்டிய சாம்பலைத் தட்டிவிட்டார்.

"முன் சீட்டுல உக்காந்திருந்தா. பெல்ட் போட்டிருந்தா பொழச்சிருப்பா."