கருப்பையன் நீந்திய மாசி மகம்

பட்டினச்சேரியில் கருப்பையனை யாரும் கட்டுமரத்தில் ஏற்றிக்கொண்டதில்லை. சிறு வயதில் காய்ச்சல் வந்து வலது கால் சூம்பிப் போயிருந்தது. கால் விளங்காதவன் ஏறினால் வலையில் மீன் படாது என்று ஊரில் ஒரு பேச்சு. மரங்கள் கரை சேரும்போது தத்தித் தத்திப் போய் வலையை உதறிக் கொடுப்பான். ஆளுக்கு ஒரு பிடி மீன் போடுவார்கள். தண்ணீரில் இறங்கிவிட்டால் மட்டும் அவனுக்குக் கால் தேவைப்படாது.

பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு வந்த இரண்டாவது மாசி மகம் அது. சுவாமிகள் தீர்த்தவாரிக்குக் கடற்கரைக்கு வரும் அன்று எப்போதும் நீச்சல் போட்டி உண்டு. அந்த வருஷம் கை கால் குறைந்தவர்களுக்கென்று தனியாக ஒன்று வைப்பதாக ஊர்த் தலைவரான நாட்டார் மாரிக்கண்ணு சொன்னார். கருப்பையன் நேரே அவரிடம் போனான்.

"செயிச்சா என்ன தருவீங்க?"

"வேட்டி, துண்டு."

"அதெல்லாம் வாணாம் நாட்டாரே. ஒங்க மரத்துல எடம் குடுங்க."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நாட்டார் சிரிக்கவில்லை. "செயிச்சுட்டு வா. தரேன்."

அதைக் கேட்டதிலிருந்து அவன் மனைவி காசியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. மகத்தன்று கடல் அசையாமல் கிடந்தது. அலையில்லாத கடலை அவளுக்குப் பிடிக்காது. அடியில் என்ன ஓடுகிறது என்று மேலே காட்டாது.

போட்டிக்கு வந்தவர்கள் இரண்டே பேர். மற்றவர் சிதம்பரநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் சண்டைக்குப் போய் இடது கையை விட்டுவிட்டு வந்தவர். ஊருக்கு அவர் சொல்தா, பிரெஞ்சில் சிப்பாய்.

"ஒத்தக் கையால துழாவுனா அங்கயே வட்டமடிப்பீங்களே சொல்தா?" என்றான் கருப்பையன்.

"நான் சுத்தி முடிச்சு வந்து சேர்றதுக்குள்ள நீ நொண்டிக்கிட்டாவது வந்துரு."

தூரத்தில் ஆளில்லாத கட்டுமரம் ஒன்றைக் கல் கட்டி நிறுத்தி, கழியில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். கரையில் நட்ட மூங்கிலுக்கு நேராகத் துணி நின்றது.

இருவரும் நீந்திக் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள், மேளச் சத்தம் நெருங்கியது. சுவாமி வந்துவிட்டார். கூட்டம் முழுவதும் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. காசியம்மா திரும்பவில்லை.

துணி மூங்கிலுக்கு நேராக இல்லை. வடக்கே தள்ளி, சிறுத்துத் தெரிந்தது. கல் கட்டிய கயிறு அறுந்திருக்க வேண்டும். மரம் போய்க்கொண்டே இருந்தது, அதைப் பிடிக்க அவர்களும் போய்க்கொண்டே இருந்தார்கள். நீந்துகிறவனுக்கு இன்னும் கொஞ்சம்தான் என்றே தோன்றும்.

பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக் காட்டினாள். "சாமி வர்ற நேரத்துல சும்மா இரு காசி" என்று அந்தப் பெண் கையை உதறினாள்.

கடலில் இறங்கியவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போகிறவனைக்கூட அந்த ஊர்ப் பெண்கள் கூப்பிட மாட்டார்கள். காசியம்மா இடுப்பளவு தண்ணீருக்குப் போனாள்.

"கருப்பையா!"

புருஷன் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுபடி கத்தினாள். முன்னால் போன தலை நின்று திரும்பியது. சொல்தாவின் தலை அதைத் தாண்டிப் போனது.

கருப்பையன் மூச்சிரைக்கக் கரை சேர்ந்தான். "செயிக்கிற நேரத்துல இழுத்துட்டியேடி!"

"துணியப் பாருங்க."

பார்த்தான். எங்கேயும் துணி தெரியவில்லை.

விஷயம் தெரிந்து ஊரார் மரங்களைக் கடலில் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். ஒன்று, சிவப்புத் துணி கட்டிய மரத்தை இழுத்து வந்தது. சொல்தா அதில் இல்லை.

"பின்னால கூப்பிட்டா கடலு சும்மா விடுமா?" என்றாள் ஒருத்தி. காசியம்மாவைச் சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள்.

நாட்டார் தன் மரத்தில் ஏறப்போன மகனைத் தடுத்தார். "கருப்பையா, நீ ஏறு. நீரு எங்க இழுத்துச்சுன்னு ஒன் ஒடம்புக்குத்தான் தெரியும்."

யாரும் மறுக்கவில்லை. சூம்பிய காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்து அவன் முன்னால் உட்கார்ந்தான். வெயில் தணிந்திருந்தது. மரம் நகர்ந்தபோது காசியம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கண்ணை மூடி, தண்ணீருக்குள் கையை விட்டு, அது இழுக்கும் திசையைத் தேடிக்கொண்டிருந்தான்.