லொறியில் வந்த குடியிருப்பாளர்கள்

ஆட்களை அவர்களுடைய சொந்த வீட்டுக்கே லொறியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிய உத்தியோகத்தன் யாழ்ப்பாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

1983ஆம் ஆண்டின் தொடக்கம். வீடமைப்புக் கந்தோர் ஒன்றில் நான் டீ.ஓ., அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தன். பிளான் கீறுவதும் சைட்டில் வேலை பார்ப்பதும் என் தொழில். குருநகர்ப் பக்கம் கடற்கரைக் கொட்டில்களில் இருந்த இருபத்துநான்கு மீன்பிடிக் குடும்பங்களுக்கு, ஆறு மைல் உள்ளே, தோட்டவெளி ஒன்றில் கல்வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தோம். காணி மலிவு என்பதைத் தவிர அந்த இடத்தைத் தெரிவு செய்ததற்கு வேறு காரணம் இல்லை. வீடுகளில் குறை சொல்ல முடியாது; நானே லெவல் பார்த்தவன். ஐந்து மாதத்துக்குள் பத்தொன்பது வீடுகளில் பூட்டுத் தொங்கியது.

அந்த நேரம் பார்த்து, கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் பார்வையிட வருவதாகத் தந்தி வந்தது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

“என்ன ஐசே, வீடெல்லாம் பூட்டிக் கிடக்காம்?”

“சனம் திரும்பக் கடற்கரைக்குப் போட்டுது, சேர்.”

“அப்ப கூட்டிக்கொண்டு வாரும். அரைநாள் இருந்தால் போதும். ஒவ்வொரு குசினியிலையும் புகை வரவேணும், விளங்குதோ?”

செலவென்று சொல்லிக் குசினிகளுக்குப் புகைபோக்கி வேண்டாமென்று வெட்டியவரும் அவரேதான்.

அவர் வரும் நாள் காலையில் கந்தோர் லொறியோடு கடற்கரைக்குப் போனேன். பெண்கள் பகிடி விட்டுச் சிரித்தபடி ஏறினார்கள். கைக்குழந்தையோடு வந்த பிலோமினா என்ற பெண்ணை மட்டும் முன் சீற்றில் என் பக்கத்தில் இருத்தினேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். அதுவரை கேட்க எனக்குத் தோன்றவில்லை.

“வீடு நல்ல வீடு, தம்பி. ஒருநாள் காத்து மாறி அடிச்சுது. இவர் கடலிலை. கரையிலை எண்டால் நிண்டு பாப்பன், பக்கத்திலை நாலு பேர் நிப்பினம். அந்த வெளியிலை ஆரைக் கேக்கிறது? பக்கத்து வளவுப் படலையைப் போய்த் தட்டினன். ‘இண்டைக்கு மீன் வேண்டாம்’ எண்டு உள்ளுக்கை இருந்து சத்தம் வந்துது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆறு மைலும் நடந்தன். போய்ச் சேரேக்கை இவர் கரையிலை நிண்டு வலை உதறுறார். அதோடை அங்கை போகேல்லை.”

அந்த வளவுக்காரரை எனக்குத் தெரியும். இவர்கள் குடிவந்த கிழமையே தன் வேலியை இரண்டு முழம் உயர்த்தியவர். கருவாட்டு மணம் ஊருக்கு ஆகாது என்று கந்தோருக்கு மனுவும் கொடுத்தார். நானும் வாசித்தேன். செப்டிக் டாங்க் பற்றி அதில் ஒன்றும் இல்லாததால், என் வேலை இல்லை என்று கோப்பில் போட்டுவிட்டேன்.

பெரியவர் பத்து மணிக்கு வந்தார். சுவர்களைத் தட்டிப் பார்த்தார். பிலோமினாவின் வாசலில் நின்று, “எப்பிடி அம்மா, இஞ்சை வசதியாய் இருக்கோ?” என்றார்.

“நான் இஞ்சை இருக்கிறேல்லை, ஐயா. உந்த லொறியிலை வந்தனான். நீங்கள் வெளிக்கிட்டால்தான் நாங்களும் போகலாம். மத்தியானம் தோணி வந்திடும், கொஞ்சம் கெதியாய்ப் பாருங்கோ.”

பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். மேலதிகாரியும் சிரித்தார். அது பகிடி என்றே இருவரும் முடிவு செய்துகொண்டார்கள்.

அடுத்த கிழமை, குடியிருக்காதவர்களின் வீடுகள் மீளப் பெறப்படும் என்று கடிதம் அடித்தார்கள். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பிலோமினா கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. கொட்டில் கூரை ஒழுகிய இடத்தில் புது ஓலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தவர், இறங்கி வந்து கல்வீட்டுப் பூட்டின் திறப்பை என் கையில் வைத்தார்.

“ஒரு கல்லுக்கூட நாங்கள் கழட்டேல்லை. போய்ப் பாத்துக்கொள்ளுங்கோ.”

பிறகு அறிக்கை. வீடுகள் வெறுமையானதற்குக் காரணம் என்ற இடத்தில், ‘பயனாளிகளின் அறியாமை’ என்று எழுதச் சொன்னார் மேலதிகாரி.

“சேர், இடம் பிழை எண்டு ஒரு வரி போடுவமோ?”

“இடம் பாத்தது ஆர்? நான். பிளான் கீறினது ஆர்? நீர். போடும் பாப்பம்.”

நான் போடவில்லை. சொன்னபடி எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு, மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கப் படிப்பிப்பார்கள். அயல் எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்க்க ஒருவரும் படிப்பிப்பதில்லை. காணி அளக்க நாடாவை விரிக்கும் முன் நாலு வீடு ஏறிக் கதைத்துப் பாருங்கள். குடிவரப் போகிறவர்களையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். அந்தக் கடற்கரையில் அறியாமை எதையும் நான் காணவில்லை. அதை எழுதச் சொன்னவரும் எழுதிய நானும் கந்தோரில்தான் இருந்தோம்.