கப்பலில் போன ரேடியோ வீட்டில் பேசியது

"தம்பி, எங்க செட்டு இப்ப எங்க இருக்கு?"

"கப்பல்ல இருக்குக்கா. மெட்ராஸ் போய்க்கிட்டிருக்கு."

"நல்லாத் தெரியுமா?"

"நான்தான் பெட்டி கட்டி, சாக்கு தைச்சு, ஹார்பர் ஜெட்டியில கப்பல் ஏத்திட்டு வந்தேன்."

அந்த அம்மாள் வெளியே அபர்தீன் பஜார் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மழை விட்டு வெயில் வந்திருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அப்படின்னா இன்னைக்கு மத்தியானம் எங்க வீட்ல பேசினது யாரு?"

எழுபதுகளின் தொடக்கம். போர்ட் பிளேரில் ஒரு ரேடியோ கடையில் நான் விற்பனையாளன், ரிப்பேர்காரன், கூட்டிப் பெருக்குகிறவன். ரேடியோ வேலையைத் தபால் வழியில் படித்தவன். எனக்குச் சரிசெய்யத் தெரிந்த கோளாறுகள் இரண்டு: ஒன்று பேட்டரி, இன்னொன்று ஃபியூஸ். மற்ற எல்லாவற்றுக்கும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு "மெயின்லேண்டுக்கு அனுப்பணும்" என்று சொல்லுவேன். அந்த முகம் எனக்கு நன்றாக வந்தது. இன்று இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு அந்த முகம் வைக்கவும் தெரியவில்லை, நேராக கஸ்டமரிடம் சண்டைக்குப் போகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. கேரண்டி

ஒரு வருஷ கேரண்டி என்று கார்டில் அச்சடித்திருக்கும். செட்டில் கரகரப்பு என்றால் கடைக்குக் கொண்டுவர வேண்டும். நாங்கள் கப்பலுக்குக் காத்திருப்போம். கப்பல் வானிலைக்குக் காத்திருக்கும். மெட்ராஸில் கம்பெனி எதற்கோ காத்திருக்கும். அப்புறம் "சோதித்தோம், கோளாறு இல்லை" என்று ஒரு சீட்டோடு அதே செட் திரும்பி வரும். வந்து இறங்கும்போது கேரண்டி முடிந்திருக்கும். சில செட்டுகள் வீட்டில் பாடியதைவிடக் கடலில் பயணம் செய்ததுதான் அதிகம்.

கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: கடற்காற்றால் வரும் பழுதுக்குக் கம்பெனி பொறுப்பல்ல. அந்தமானில் கடற்காற்று படாத இடம் எங்காவது இருந்தால் நானே அங்கே குடிபோயிருப்பேன். சௌல்தாரியிலிருந்து வந்த ஒரு பெங்காலி விவசாயி மூன்றாம் முறையும் அதே சீட்டைப் படித்துவிட்டு, "யே ரேடியோ நஹி, டப்பா ஹை" என்றார். ரேடியோ இல்லையாம், வெறும் டப்பாவாம். இனிமேல் இதில் கோழி அடைகாக்கும் என்று சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனார். அவராவது சிரித்துக்கொண்டு போனார்.

டெலானிபூர் சாரதா அக்கா சிரிக்கிற நிலையில் இல்லை. அவர் கணவர் வேதாசலம் பி.டபிள்யூ.டி.யில் ஹெட் கிளார்க். கும்பகோணம் பக்கத்துக்காரர்கள், பிள்ளைகள் இல்லை. மேட்டில் தகரக்கூரை போட்ட கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். அவர்கள் செட்டின் கோளாறு விநோதமானது. மற்றவர்களுக்கு ரேடியோ பேசவில்லை என்பது புகார். அக்காவுக்கு அது வாயை மூடவில்லை என்பது புகார். சமையலறை அலமாரியில் இருந்த செட்டை அணைத்த பிறகும் குரல் வந்ததாம். பிளக்கைப் பிடுங்கினாராம், அப்போதும் வந்ததாம்.

கடைக்குக் கொண்டுவந்தபோது நான் அணைத்தேன், அது ஒழுங்காக அணைந்தது. இரண்டு முறை மெட்ராஸ் போய், இரண்டு முறையும் கோளாறு இல்லை என்ற சீட்டோடு வந்தது. மூன்றாவது முறை கப்பல் ஏறியிருந்தபோதுதான் அக்கா வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

என்ன பேசுகிறது என்று கேட்டேன். பாதி இந்தி, பாதி புரியவில்லை என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஒரு தடவை தமிழ்ல கேட்டுச்சு தம்பி. 'இன்னும் அங்கேயேவா இருக்கே'ன்னு" என்றார்.

நான் என் சோக முகத்தை வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.

2. ஹெட் கிளார்க் கேட்ட உதவி

மறுநாள் வேதாசலம் சாரே வந்தார். நிதானமான மனிதர். குடையை மடக்கி, தண்ணீரை உதறி, கடைக்குள் சொட்டாதபடி வெளியே சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். மனைவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவர் முடிவு செய்திருந்தார். புதன்கிழமை கப்பலுக்கு டிக்கெட் வாங்கியாயிற்று. மைத்துனருக்குத் தந்தி கொடுத்தாயிற்று. அவர் வந்து மெட்ராஸில் இறக்கிக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டுவார். இதையெல்லாம் ஒரு ஃபைல் நகர்ந்த கதையைப் போலச் சொன்னார். பிறகு கேட்டார்:

"நீங்க ஒரு உபகாரம் பண்ணணும். செட்ல ஒரு பழுதும் இல்லைன்னு அவகிட்ட நேர்ல சொல்லணும். கம்பெனி ஆளு சொன்னா நம்புவா. நம்பினா சண்டை போடாம கப்பல் ஏறிடுவா."

என் முதலாளி கீழக்கரைக்காரர். அவர் கல்லாவில் இருந்தபடியே தலையாட்டினார். கஸ்டமரே செட் நன்றாக இருக்கிறது என்று சொல்வது அவருடைய வியாபார வாழ்வில் அதுதான் முதல் தடவை. சார் வெளியே போனதும் என்னைக் கூப்பிட்டார். "போயி சொல்லிட்டு வந்துடு வாப்பா. ஆனா கோளாறு இருக்குன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாதே. அப்புறம் புது செட் வாங்க நீதான் மெட்ராஸ் போயி கம்பெனி வாசல்ல உக்காரணும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. செட்டில் கோளாறு இல்லை என்றால் கோளாறு அந்த அம்மாளிடம் என்று அர்த்தம். மெட்ராஸில் யாரோ ஒருவர் டீ குடித்துக்கொண்டே எழுதிப்போட்ட சீட்டை வைத்து ஒரு மனுஷியைக் கப்பல் ஏற்றப் போகிறார்கள்.

வெளியே குடையை எடுத்துக்கொண்டிருந்த சாரிடம் போய், சொல்கிறேன் என்றேன். ஆனால் சாரும் கூட இருக்க வேண்டும், அதுவும் அந்தக் குரல் வருவதாகச் சொல்லும் மத்தியான நேரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததே இல்லை. ஞாயிறுகளில் இருந்தாரே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் ரேடியோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதுவும் பேசியதில்லையாம். அதுதான் அவருக்குப் பெரிய சாட்சி.

3. அலமாரியில் ஒரு சதுரம்

திங்கட்கிழமை போனோம். வாசலுக்குள் நுழைந்ததும் கயிறு கட்டிய டிரங்குப் பெட்டி. சமையலறையில் எனக்கும் சாருக்கும் மணை போட்டார் அக்கா. அலமாரியில் செட் இருந்த இடம் மட்டும் புகை படியாமல் சதுரமாக வெளுத்திருந்தது. கண்ணை எடுக்கலாம் என்றால் அந்தச் சதுரம் விடவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. தகரம் வெயிலில் விரிந்து டக் டக்கென்றது. பல்லி ஒன்று கூரை மூலையில் நின்று எங்களையே பார்த்தது. சார் வாட்சைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது.

"போதுமா சாரதா?" என்றார் சார். மெதுவாகத்தான் கேட்டார். அந்த மெதுவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

அக்கா துவைத்து வைத்திருந்த துணி பக்கெட்டை எடுத்துக்கொண்டு, "நான் இதக் காயப்போட்டுட்டு வந்துடறேன்" என்று கொல்லைப்பக்கம் போனார்.

அவர் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அலமாரிக்கு மேலே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பிறகு ஒரு ஆண் குரல். கட்டைவிரல் அளவு மனிதன் ஒருவன் பித்தளைக் குடத்துக்குள் உட்கார்ந்து பேசினால் எப்படி இருக்கும், அப்படி. சன்னமாக, தெளிவாக, அவசரமில்லாமல். "மத்ராஸ் ஜானே வாலே யாத்ரி" என்றது. மெட்ராஸ் போகும் பயணிகள். கொஞ்சம் நின்றது. மறுபடியும், "மத்ராஸ் ஜானே வாலே" என்று ஆரம்பித்தது.

என் கை தானாக நீண்டு அலமாரியில் சுவிட்சைத் தேடியது. அணைத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறது. அங்கே வெள்ளைச் சதுரம்தான் இருந்தது. வேதாசலம் சார் என் இன்னொரு கையைப் பிடித்திருந்தார். அவர் விரல்கள் ஐஸ் போல இருந்தன. என்னுடையது எப்படி இருந்தது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

அக்கா வெறும் பக்கெட்டோடு நிலைப்படியில் வந்து நின்றார். கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை. கணவர் முகத்தைத்தான் பார்த்தார்.

"கேக்குதா?"

அவர் தலையாட்டினார்.

"வாயால சொல்லுங்க."

"கேக்குது."

4. வயர்

வெளியே ஓடியவன் நான். தைரியத்தினால் அல்ல, கதவு என் பக்கம் இருந்தது. கொல்லையில் அக்காவின் புடவைகளும் படுக்கை விரிப்புகளும் ஈரம் சொட்டத் தொங்கின. தொங்கியது கொடிக்கயிற்றில் இல்லை, செம்பு வயரில். முன்பு அந்த வீட்டில் இருந்தவர் ரேடியோவுக்குக் கட்டிய ஏரியல். தீவில் மாற்றலாகிப் போகிறவர்கள் பல்பைக் கழற்றுவார்கள், கதவுக் கொண்டியைக்கூடக் கழற்றுவார்கள். மரத்தில் ஏறி ஏரியலைக் கழற்ற மட்டும் யாருக்கும் பொறுமை இருக்காது. அடுத்து வருகிறவர்கள் அதில் துணி காயப்போடுவார்கள். இந்த வயரின் ஒரு நுனி கொல்லைப் பலாமரத்தில், மறுநுனி சமையலறைக் கூரையில் துருப்பிடித்த ஆணிக்குப் பக்கத்தில் தளர்வாகக் கட்டியிருந்தது. ஈரத்துணி பாரம் இழுத்தால் ஆணியில் முட்டும். எதிர் மேட்டில் ரேடியோ ஸ்டேஷன் டவர் கண்ணெதிரே நின்றது.

அவ்வளவு பக்கத்தில் டவர் இருந்தால், துருவும் செம்பும் முட்டுகிற இடமே ரேடியோவின் வேலையைச் செய்துவிடும். கூரைத் தகரம் ஸ்பீக்கர் ஆகிவிடும். நான் புடவையைத் தூக்கிப் பிடித்தேன், உள்ளே குரல் நின்றது. விட்டேன், கப்பல் அறிவிப்பு தொடர்ந்தது. ஞாயிறு அந்த வீட்டில் மீன் குழம்பு நாள், துணிக்கு லீவு. அதனால்தான் சார் காதில் ஒருநாளும் விழவில்லை.

எல்லாம் விளங்கியதுபோல் எழுதிவிட்டேன். பிற்பாடு விசாரித்ததில் அந்த மத்தியான நேரத்தில் ஸ்டேஷனில் தமிழ் நிகழ்ச்சி எதுவும் கிடையாது என்றார்கள். 'இன்னும் அங்கேயேவா இருக்கே' என்று கேட்டது யார் என்பதற்கு என் தபால் பாடத்தில் விடை இல்லை.

உள்ளே வந்து விளக்கியதும் வேதாசலம் சாருக்கு மூச்சு வந்தது. சிரித்தேவிட்டார். "சே, வயர்தானா! உனக்கு ஒண்ணும் இல்லை சாரதா. சாயங்காலமே டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேன்."

"வேணாம், இருக்கட்டும்."

"உனக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னு ஆயிடுச்சே."

"அதனாலதான் போறேன்" என்றார் அக்கா.

குரலில் கோபம் இல்லை. பக்கெட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எனக்குக் காப்பி கலக்கப் போனார். மேலே கூரை மீன் விலையோ மழை அளவோ ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு ஆண்களும் அதை மிகவும் கவனமாகக் கேட்டோம்.

5. அதற்குப் பிறகு

புதன்கிழமை கப்பல் போனது. அக்கா திரும்பி வந்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் இருந்தவரை வரவில்லை.

அவர்கள் செட் மெட்ராஸிலிருந்து வந்தது. சொல்லி அனுப்பினேன். சார் வந்தார், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் இளைத்திருந்தார். இப்போதெல்லாம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னார்.

"இது இருக்கட்டும் தம்பி. வீடு பேச மாட்டேங்குது. வந்து பார்த்துச் சரி பண்ணித் தர முடியுமா?"

முதலாளி கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தார். நான் பழைய முகத்தைத் தேடினேன், அன்றைக்கு அது வரவில்லை. வயரில் பாரம் வேண்டும் சார், ஈரத்துணி போட்டால்தான் முட்டும் என்று சொன்னேன். அவர் துணிகள் டோபியிடம் போகின்றனவாம். இதை ஒரு குறை போலச் சொன்னார். பிறகு ஆபீஸ் ஃபைலில் குறித்துக்கொள்கிறவர் மாதிரி கேட்டார்:

"எத்தனை துணி போடணும்?"

அந்த வீட்டுக்குப் போய்வந்த பிறகு நான் கடையில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். கஸ்டமர் கோளாறு என்று சொன்னால் முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுக்கமாட்டேன். எந்த இடத்தில், எந்த நேரத்தில், அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்பேன். முடிந்தால் அங்கே போய் உட்காருவேன். கோளாறு இல்லை என்று எழுதுவது சுலபம். அந்தச் சீட்டு யார் கையில் போய் என்ன செய்யும் என்று எழுதுகிறவனுக்குத் தெரியாது. இதை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன்.

மழைக்காலம் தொடங்கி ஒரு மத்தியானம் டெலானிபூர் மேட்டில் வேறு வேலையாகப் போனேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கொல்லையில் வயர் தரையைத் தொடுமளவு தாழ்ந்திருந்தது. சட்டைகள், பேன்ட்டுகள், ஒரு கோட்டு, ஜமக்காளம் என்று வீட்டில் இருந்த துணி அத்தனையும் மழையில் தொங்கின. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மணையில் ஒருவர் கூரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

துருவும் செம்பும் முட்டுகிற இடம் நனைந்துவிட்டால், மழையில் அது பேசாது. போய்ச் சொல்லலாமா என்று குடையோடு நின்றேன். அப்போது அவர் தலையாட்டினார். யாரோ கேட்ட கேள்விக்கு ஆமாம் என்று சொல்வதுபோல, இரண்டு தரம்.