கிணற்று மானியம்

எழுபதுகளின் நடுவில், தாம்பரம் பக்கம் ஒரு பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. மழை பொய்த்த வருஷம் அது. கிணற்றை ஆழப்படுத்திய விவசாயிகளுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்தது. தோண்டி முடித்த பிறகு எங்கள் அதிகாரி நேரில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும்.

கோவிலம்பாக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். நகையை அடகு வைத்து, பாறைக்கு வெடி வைத்து, கூலியாட்களோடு தானும் மண்கூடை சுமந்து தோண்டிய கிணறு அவருடையது. அதிகாரி போய்ப் பார்த்தார். நல்ல ஊற்று. ஆனால் நிலத்தின் பட்டா கணவர் பெயரில் இருந்தது.

"அவர் வந்து கையெழுத்துப் போட்டா அவர் கையில கொடுத்துடுவோம்மா" என்றார் அதிகாரி.

"அந்தாளு என்னை வுட்டுப் போயி எத்தினி வருசமாச்சு சார்! பல்லாவரத்துல வேற குடித்தனம் பண்ணிகினு கீறான். தோண்டுனது நானு, துட்டு அவனுக்கா?"

அதிகாரி கல்நெஞ்சக்காரர் அல்ல. ஆனாலும் விதிக்குப் பட்டாதாரர்தான் விவசாயி. அக்கா வெளியேறினார். வாசல்வரை பின்னால் போன நான், என்ன தைரியமோ தெரியவில்லை, "நானும் கூட வரேன்க்கா, போய்க் கேட்டுப் பார்க்கலாம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே பல்லாவரம் போனேன். அக்கா பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தார். அந்த வீட்டில் கதவைத் திறந்தது, அவர் இப்போது குடித்தனம் நடத்தும் அவள்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும் பாய் விரித்து உட்காரச் சொன்னாள். அக்கா உட்காரவில்லை. அந்த ஆள் வெளியே போயிருந்ததால் நான்தான் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கெணத்துல தண்ணி வந்துச்சா?"

"வந்துது" என்றார் அக்கா.

அந்த வாரமே கணவர் ஆபீஸுக்கு வந்தார். சலவைச் சட்டை, வாய் நிறைய வெற்றிலை. கூடவே அவளும் வந்திருந்தாள். அக்கா சுவரோரம் நின்றிருந்தார். கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கியவர் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார். அவள் கையை நீட்டினாள்.

"இங்க குடு."

"இன்னாத்துக்கு?"

"நீயா மண்ணு சுமந்தே? குடு இப்படி."

ஆபீஸே நிமிர்ந்து பார்த்தது. அவர் கொடுத்துவிட்டார். அவள் அதைக் கொண்டுபோய் அக்காவின் கையில் வைத்து அழுத்தினாள்.

எனக்கு அன்று மனம் வேலையில் ஓடவில்லை. நாங்கள் தலைகீழாக நின்றாலும் செய்ய முடியாத நியாயத்தை, அதனால் நஷ்டப்படக்கூடிய ஒருத்தி செய்துவிட்டுப் போயிருந்தாள்.

அடுத்த சாகுபடியின்போது அதிகாரியோடு மறுபார்வைக்குப் போனேன். அக்காவின் வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. சேற்றில் குனிந்து நின்ற பெண்களுக்கு நடுவே அவளும் இருந்தாள். அந்த ஆள் அவளையும் விட்டுப் போய்விட்டானாம். போக்கிடம் இல்லாமல் நின்றவளை அக்காவே போய் அழைத்து வந்திருக்கிறார்.

"யாரும்மா இது, புதுசா இருக்கு?" என்று கேட்டார் அதிகாரி. ஆபீஸில் பார்த்த முகம் அவருக்கு நினைவில்லை.

"எங்க வூட்டு மனுசி சார்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு வரப்பிலிருந்து இறங்கி, அவள் பக்கத்தில் நின்று நாற்றைக் கையில் எடுத்துக்கொண்டார்.